பட்ரோன் 1964 மதுரோ, நம்ம உப்புக்காத்துல பிடிச்சுப் பாத்த ரிவ்யூ

பட்ரோன் 1964 ஆனிவர்சரி சீரிஸ், எக்ஸ்க்ளூசிவோ சைஸ், மதுரோ ராப்பர், அதாவது மேல கருத்த இலை சுத்துன சுருட்டு. நான் இதுவரைக்கும் பிடிச்ச சுருட்டுல இதுக்கு மேல ஒண்ண வெக்க எனக்கு மனசு வரல. ஆனா இத நம்ம கடக்கரையில வெச்சு பிடிக்கிறதுக்கும் கண்ணாடி ரூமுக்குள்ள ஏசி போட்டு பிடிக்கிறதுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு, நெட்டுல தேடுனா கெடைக்கிற ரிவ்யூ முக்காவாசி அந்த ஏசி ரூம் ஆளுங்க எழுதுனது, வாடைக்காத்துல நனைஞ்ச சுருட்டு என்ன பண்ணும்னு எழுத அவங்களுக்கு தேவையே வரல. ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டின்னு நம்ம பக்கம் இருந்துக்கிட்டு, துபாய்லயோ சவுதிலயோ இருந்து வந்த மச்சான் குடுத்த பெட்டிய என்ன பண்றதுன்னு தெரியாம பீரோவுல துணிக்கு நடுவுல வெச்சிருக்கீங்கல்ல, உங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. இது புகையிலை. நுரையீரலுக்குள்ள இழுக்கலன்னாலும் வாய்க்கும் தொண்டைக்கும் கேடுதான், புத்துநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும், சிகரெட்ட விட இது நல்லதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. பழக்கம் இல்லாதவங்க இத படிச்சுட்டு புதுசா ஆரம்பிக்க வேண்டாம், பதினெட்டு ஆகாதவங்க இதோட நிறுத்திக்கங்க. ஏற்கனவே சுருட்டு பிடிக்கிறவரு, அடிக்கடி வேண்டாம், எப்பயாச்சும் ஒண்ணு, அது நல்லதா இருக்கட்டும்னு நெனைக்கிறவரு, அவருக்குத்தான் மிச்சம் எல்லாம்.

சரி பொருள பாப்போம். எக்ஸ்க்ளூசிவோங்கிறது அஞ்சரை இஞ்சு நீளம், ரிங் கேஜ் 50. ரிங் கேஜ்னா ஒரு இஞ்ச 64 பங்கா போட்டு அதுல எத்தனைங்கிற கணக்கு, அப்ப 50ன்னா கனம் கிட்டத்தட்ட ரெண்டு சென்டிமீட்டர் வரும். உருண்டையா இருக்காது. பாக்ஸ் பிரஸ்னு சொல்லுவாங்க, நெருக்கி அடுக்கி அழுத்தி நாலு பக்கமும் தட்டையா வர்ற மாதிரி பண்றது, அதனால மாடி கைப்பிடிச் செவுத்துல வெச்சா காத்துக்கு உருண்டு ஓடாது, படிக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயமா தெரியும், ஆனா தென்கடல் பக்கமா மாடி வெச்சிருக்கிறவனுக்கு இது நெசமாவே பெரிய விஷயம். மேல சுத்துற ராப்பர், அத தாங்குற பைண்டர், உள்ள போற ஃபில்லர் மூணுமே நிகரகுவா இலை, வெயில்ல நிழல் போடாம வளத்தது, நாலு வருஷம் வெச்சு எடுத்த இலைன்னு கம்பெனி சொல்லுது. மதுரோங்கிறது சாயம் இல்ல, கொஞ்சம் தடிமனான இலைய எடுத்து கூடுதல் நாள் கூடுதல் சூட்டுல புளிக்க வெச்சா தானா கருத்து, உள்ள ஒரு இனிப்பு வந்து நிக்கும், அதுதான் மதுரோ. இதே சுருட்டு நேச்சுரல் ராப்பர்லயும் வருது, அது கொஞ்சம் வெளுப்பு.

பேண்ட், அதாவது சுருட்ட சுத்தி ஒட்டியிருக்குற காகித வளையம், ரெண்டு இருக்கும், அதுல ஒண்ணுல ஒவ்வொரு சுருட்டுக்கும் தனி நம்பர் அடிச்சிருப்பான், போலிய தடுக்கத்தான். வெளிநாட்டு சுருட்டுல போலி ஏகப்பட்டது சுத்துது, அதுலயும் பெரிய பேர் உள்ள கியூபா சுருட்டுன்னு சொல்லி கண்ணாடி மூடி போட்ட பெட்டில யாராச்சும் குடுத்தா வாங்காதீங்க, நல்ல கம்பெனி யாரும் கண்ணாடி மூடில போட்டு விக்கிறது வழக்கம் இல்ல. இதுல அந்த நம்பர பாத்துட்டாலே பாதி நிம்மதி.

பேர்ல இருக்குற 1964 கம்பெனி ஆரம்பிச்ச வருஷம். ஹோசே ஒர்லாண்டோ பட்ரோன் கியூபாவுல பினார் தெல் ரியோ பக்கம் 1926ல பொறந்தவரு, புகையிலை போடுற குடும்பம், புரட்சிக்கு அப்பறம் நெலமெல்லாம் அரசாங்கத்துக்கு போயி 1961ல நாட்ட விட்டே கெளம்பிட்டாரு, மயாமி வந்து சேந்து ஒரு சின்ன சுத்தியல வெச்சு தச்சு வேலை பாத்து 600 டாலர் சேத்து 1964 செப்டம்பர்ல சுருட்டு போட ஆரம்பிச்சாரு. 1970ல தயாரிப்ப நிகரகுவாவுல இருக்குற எஸ்தெலிக்கு கொண்டுபோனாரு, 1978ல அங்க நடந்த சண்டையில தொழிற்சாலை எரிஞ்சு போச்சு, திருப்பி கட்டுனாரு, 1985ல அமெரிக்கா நிகரகுவா மேல வர்த்தகத் தடை போட்டுச்சு, அப்பயும் விடல. 30 வருஷம் ஆனதுக்காக 1994ல எறக்குனதுதான் இந்த 1964 சீரிஸ். மனுஷன் 2017 டிசம்பர் வரைக்கும் இருந்தாரு.

இத ஏன் இம்புட்டு விவரமா சொல்றேன்னா, எங்க சித்தப்பாகிட்ட பேர படிச்சு காமிச்சப்ப அவரு மொதல்ல கேட்டது, "அறுவத்தி நாலா?"ன்னுதான். நம்ம தீவுல அறுவத்தி நாலுன்னா வேற எதுவும் ஞாபகத்துக்கு வராது. டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயிலு ஆளோட கடலுக்குள்ள போச்சு, தனுஷ்கோடி ஊரே போச்சு. சித்தப்பா அங்க பொறந்தவரு, சின்னப் பையனா இருந்தப்ப புயல் முடிஞ்சு தங்கச்சிமடத்துக்கு கூட்டிட்டு வந்தாங்க, அதுக்கப்பறம் இங்கதான். ஊரு, நெலம் எல்லாத்தையும் விட்டுட்டு வந்த ஒருத்தரு அதே வருஷம் வேற ஊர்ல சுருட்டு போட ஆரம்பிச்ச கதைய சொன்னதும் கையில இருந்தத திருப்பி திருப்பி பாத்துட்டு, "அப்ப ஏனோதானோன்னு போட்டிருக்க மாட்டாருப்பா"ன்னாரு. எனக்கு அந்த வார்த்தை போதும்னு இருந்துச்சு.

சித்தப்பாவ ஏன் இதுல இழுக்குறேன்னு கேப்பீங்க. அவரு வாழ்நாள் பூராம் சுருட்டுக்காரரு. வள்ளத்துல போன காலத்துல இருந்து திருச்சி சுருட்டுதான், உறையூர்ல சுத்துனது, ஒரு காலத்துல சீமைக்கெல்லாம் கப்பல்ல போன சரக்கு அது. அதோட ரெண்டு முனையும் தொறந்தே இருக்கும், வெட்ட வேண்டியதில்ல, பத்த வெச்சா போதும். நெட்டுல ரிவ்யூ எழுதுற ஆளுங்க சொல்ற அம்புட்டு விஷயத்தையும் சித்தப்பா பேரு தெரியாம செஞ்சுக்கிட்டு இருக்காரு, அதான் என்னோட கருத்து. வாங்குன உடனே காதுக்கிட்ட வெச்சு பைய அமுக்கிப் பாப்பாரு, நொறுங்குற சத்தம் வந்தா காஞ்சு போச்சுன்னு கடைக்காரர்கிட்டயே திருப்பி குடுத்துருவாரு. மூக்குல வெச்சு காட்டம் அடிக்குதான்னு பாப்பாரு. இலை சரியா பதமாகலன்னா அமோனியா வாடை தூக்கும், படிச்சவங்க அத தனியா ஒரு பாயிண்ட்டா எழுதுவாங்க, இவரு "பச்ச வாடை"ன்னு ரெண்டே வார்த்தையில முடிச்சிருவாரு. ஒரு நல்ல சுருட்ட எடை போட காசு குடுத்து கோர்ஸ் படிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல, நம்ம வீட்டு பெரியவங்க நாக்கு ஏற்கனவே பழகுன நாக்குதான்.

பெரியவங்க முன்னாடி நான் பத்த வைக்கிறதில்ல, எங்க வீட்ல அப்படித்தான். அதனால ஒண்ண சித்தப்பாவுக்கு குடுத்துட்டு பக்கத்துல உக்காந்து அவரு சொல்றத கேட்டேன், எனக்குள்ளத வேற நாள் தனியா பிடிச்சேன். ரெண்டு பேரு சொன்னதையும் சேத்துத்தான் கீழ எழுதியிருக்கேன்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். நம்ம ஊர்ல இந்த சுருட்டோட பாதி ரிசல்ட்டு பத்த வைக்கிறதுக்கு முன்னாடியே முடிவாயிரும். நல்ல சுருட்டு இருக்குற எடத்துல ஈரப்பதம் 65ல இருந்து 70 சதவீதத்துக்குள்ள நிக்கணும். நம்ம தீவுக்கு ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல், ஐப்பசி கார்த்திகைல வாடை எடுத்துச்சுன்னா வீட்டுக்குள்ளயே ஈரப்பத மீட்டர் 80ஐ தாண்டி நிக்கும், உப்பு டப்பால உப்பு கட்டியாயிரும், தீக்குச்சி உரசுனா பத்தாது, அந்தக் காத்துல ஒரு சுருட்ட சும்மா வெளிய வெச்சா இலை ஈரத்த குடிச்சு உப்பிரும், உள்ள வழி அடைச்சுக்கும், இழுத்தா புகை வராது, வந்தாலும் கசக்கும், ஒரு பக்கம் எரியும் ஒரு பக்கம் அப்படியே நிக்கும். விமானத்துல வர்றப்ப நெலமை தலைகீழ், அங்க காத்து ரொம்ப வறட்சி. வறட்சில கெடந்து வந்தத நேரா நம்ம ஈரத்துல பிரிச்சு வெச்சா உள்ள இருக்குற இலை டக்குனு விரியும், மேல ராப்பர் மெல்லிசு, தாங்காம வெடிச்சிரும். இதுதான் நெறைய பேரு "ஆயிரக்கணக்குல காசு போட்டு வாங்குனது தொட்ட உடனே பிஞ்சு போச்சு"ன்னு சொல்றதுக்கு காரணம், சுருட்டு மேல தப்பு இல்ல. மச்சான் வந்து எறங்குன அன்னைக்கே ஆர்வத்துல பத்த வைக்காதீங்க, கொறஞ்சது ஒரு மாசமாச்சும் தூங்க விடுங்க, மூணு மாசம் பொறுத்தா இன்னும் நல்லது.

எப்படி தூங்க வைக்கிறது. இதுக்கு பளபளன்னு மரப்பெட்டி விக்கிறாங்க, உள்ள சிடார் பலகை அடிச்சு, மேல மீட்டர் பதிச்சு, பாக்க ரொம்ப நல்லாருக்கும். நம்ம கடக்கரைக்கு அது வேண்டாம்ங்கிறதுதான் என்னோட முடிவு. மரப்பெட்டி எம்புட்டு நல்லா செஞ்சாலும் கொஞ்சம் காத்து விடும், வெளிய ஈரம் கொறச்சலா இருக்குற நாட்டுல அது பரவால்ல, இங்க வெளிய இருக்குற ஈரம் பூராம் பைய உள்ள ஏறிரும். நாலு பக்கமும் கிளிப்பு வெச்சு ரப்பர் வளையத்தோட மூடுற பிளாஸ்டிக் டப்பா போதும், சாப்பாடு வெச்ச டப்பாவா இல்லாம புதுசா இருக்கட்டும். அதுக்குள்ள போவேடான்னு ஒரு பாக்கெட் வருது, ஈரம் கொறஞ்சா விடும், ஜாஸ்தியானா இழுத்துக்கும், 65, 69, 72ன்னு நம்பர் போட்டு விக்கிறாங்க. எல்லாரும் 69 வாங்க சொல்லுவாங்க, நம்ம பக்கத்துக்கு 65 வாங்குங்க, ஏன்னா பிடிக்கிறதுக்காக வெளிய எடுத்து உக்காந்து பேசிக்கிட்டு இருக்குற நேரத்துலயே இலை நம்ம காத்துல இருந்து இன்னும் கொஞ்சம் ஈரம் ஏத்திக்கும்.

கூடவே சின்னதா ஒரு டிஜிட்டல் மீட்டர் போடுங்க, ஆனா அது காட்டுறத அப்படியே நம்பாதீங்க. ஒரு பாட்டில் மூடியில உப்பு போட்டு ரெண்டு சொட்டு தண்ணி விட்டு குழைச்சு, மீட்டரோட சேத்து ஜிப் கவர்ல போட்டு ஒரு நாள் வெச்சா சரியா 75 காட்டணும், அதுக்கு மேலயோ கீழயோ காட்டுனா அந்த வித்தியாசத்த மனசுல வெச்சுக்கங்க. உப்புக்கு நம்ம ஊர்ல பஞ்சமே இல்ல, வாலிநோக்கத்துல அரசு உப்பளமே இருக்கு. ஆனா இதுக்கு கல்லுப்பு வேண்டாம், சுத்தம் பண்ணுன தூள் உப்பு எடுங்க, கல்லுப்புல மெக்னீசியம் மாதிரி வேற உப்பும் கலந்து கெடக்கும், கணக்கு தப்பும்.

அடுத்தது சூடு. சித்திரை வைகாசில ஓட்டு வீடோ தார்சு வீடோ உள்ள வெந்துரும். சூடு ஏறுனா ஈரம் மட்டும் பிரச்சனை இல்ல, புகையிலை வண்டுன்னு ஒண்ணு இருக்கு, அதோட முட்டை இலைக்குள்ள கண்ணுக்கு தெரியாம கெடக்கும், 25 டிகிரிய தாண்டி தொடர்ந்து சூடு இருந்தா பொரிஞ்சு வந்து ஊசி குத்துன மாதிரி ஓட்டை போட்டு பெட்டி பூராவையும் காலி பண்ணிரும். வீட்ல ஏசி இல்லன்னா நம்ம கைக்கிட்டயே வழி இருக்கு. மீன் அனுப்புற தெர்மாகோல் பெட்டி புதுசா ஒண்ணு வாங்கி, சுருட்டு டப்பாவ உள்ள வெச்சு, ஃப்ரீசர்ல உறைய வெச்ச தண்ணி பாட்டில் ஒண்ண துணில சுத்தி பக்கத்துல வெச்சு மூடுங்க, காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு மாத்துனா போதும். கோடைக்கு இத விட சுலபமான ஏற்பாடு எனக்கு தெரியல. பாட்டில் வேர்க்கும், அதனால டப்பா மூடி இறுக்கமா இருக்கான்னு பாத்துக்கங்க. பழைய மீன் பெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம், புகையிலை எந்த வாசத்தையும் உறிஞ்சிரும், கருவாடு, ஊதுபத்தி, அந்துருண்டை எல்லாத்துக்கும் தூரமா வைங்க.

பிடிக்கிற நேரம், எடம். கச்சான் காத்து அடிக்கிற ஆனி ஆடில மாடில உக்காந்து பிடிக்கிறத மறந்துருங்க. காத்து விடாம ஊதிக்கிட்டே இருந்தா நெருப்பு அளவுக்கு மேல சூடாகும், காத்துப் பக்கம் ஓலையா எரிஞ்சு போகும், அந்தப் பக்கம் நிக்கும், வாயில வர்றது கரிச்சுவைதான், அத வெச்சு சுருட்டு நல்லால்லன்னு சொன்னா அநியாயம். மாசி பங்குனில காத்து விழுந்த ராத்திரி இருக்கே, கடல் தேங்கிக் கெடக்குற நாளு, அதுதான் இதுக்கு நேரம். மத்த மாசத்துல முத்தம் உள்ள வீடுன்னா முத்தத்துல உக்காருங்க, பிள்ளைங்களும் கர்ப்பமா இருக்குறவங்களும் இருக்குற வீட்டுக்குள்ள வேண்டாம். டீக்கடை, ஓட்டல், ஸ்டேஷன்னு பொது எடத்துல பிடிக்க சட்டம் விடாது. வெறும் வயித்துலயும் வேண்டாம். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது, நிக்கோட்டின் வாய்த்தோல் வழியாவே உள்ள ஏறிரும், நுரையீரலுக்கு இழுக்கவே வேண்டியதில்ல, சிகரெட் மாதிரி உள்ள இழுத்தீங்கன்னா தல சுத்தி வாந்தி வரும், அப்படி வந்தா கொஞ்சம் சக்கரத் தண்ணி குடிச்சுட்டு அதோட வெச்சிருங்க.

வெட்டுறது. தலைப்பக்கம் தொப்பி மாதிரி ஒட்டியிருக்குற இலை எங்க முடியுதுன்னு ஒரு கோடு தெரியும், அந்தக் கோட்டுக்கு மேல வெட்டணும், கீழ எறங்குனா ராப்பர் அவுந்து வந்துரும். நல்ல கூரான கட்டர் வேணும், பிளேடு மொக்கையா இருந்தா நசுங்கும். வெட்டுனதும் பத்த வைக்காம சும்மா ஒரு தடவ இழுத்துப் பாருங்க, அந்த வெறும் இழுப்புலயே எனக்கு கோகோவும் உலந்த திராட்சையும் வந்துச்சு, வழி சரியா இருந்துச்சு, லேசா ஒரு தடை, அம்புட்டுத்தான், அந்த அளவு தடை இருக்கத்தான் வேணும். பத்த வைக்கிறப்ப பெட்ரோல் லைட்டரும் மெழுகுவத்தியும் வேண்டாம், வாசம் ஒட்டிக்கும். தீக்குச்சின்னா முனையில இருக்குற மருந்து எரிஞ்சு முடியட்டும், அப்பறம் கிட்ட கொண்டுபோங்க. நெருப்பு சுருட்ட தொடக்கூடாது, கொஞ்சம் கீழ வெச்சு சுத்திக்கிட்டே இருந்தா ஓரம் பூராம் செவக்கும், அதுக்கப்பறம் வாயில வெச்சு பைய இழுக்கணும். சதுரமா அழுத்துன சுருட்டுங்கிறதால மூலை நாலும் பத்துதான்னு பாத்துக்கங்க.

இனி ருசி. மொத மூணுல ஒரு பங்கு, பத்த வெச்ச உடனே மிளகு வருது, நாக்குல இல்ல, மூக்குப் பக்கம். வாயில வெச்ச புகைய கொஞ்சமா மூக்கு வழியா விட்டா அந்த மிளகு நல்லா தெரியும், பழக்கம் இல்லாதவங்க ரொம்ப கொஞ்சமா விடுங்க. ரெண்டு நிமிஷத்துல அது அடங்கி பால் ஊத்தாத காப்பி வருது, வறுத்த கொட்டைய அப்பயே அரைச்சு போட்டது. அதுக்கு கீழ இனிக்காத கோகோ. புகை நல்ல அடர்த்தி, வாய் பூராம் நெறையும், ஆனா தொண்டைய எங்கயும் பிறாண்டல, இதத்தான் அந்த நாலு வருஷம் செஞ்சிருக்குன்னு நான் நெனைக்கிறேன். சாம்பல் வெள்ளையும் சாம்பல்நெறமுமா ஒரு இஞ்சு வரைக்கும் உதுராம நின்னுச்சு. உள்ள முழு இலையா நீளவாக்குல போட்டாத்தான் இப்படி நிக்கும், துண்டு இலை போட்ட சுருட்டுல பொலபொலன்னு கொட்டும்.

நடுப்பகுதிதான் இந்த சுருட்டோட உயிர். கருப்பட்டி வருது. நான் யோசிக்காம சொல்லல, ரெண்டு மூணு இழுப்பு சும்மா இருந்து திருப்பி பாத்தேன், சர்க்கரையும் இல்ல வெல்லமும் இல்ல, சாயல்குடிப் பக்கம் பனங்காட்டுல காய்ச்சுற கருப்பட்டில அடில லேசா புகை ஏறுன இனிப்பு இருக்கும்ல, அதுதான். கூடவே வறுத்த முந்திரி, கொஞ்சம் தோல் வாசம், ஈர மண்ணு. இதுல எதுவும் ஒண்ணுக்கு ஒண்ணு முந்திக்கிட்டு வரல, ஒரு இழுப்புல காப்பி முன்னாடி நிக்குது அடுத்ததுல கருப்பட்டி, மாறி மாறி வந்துக்கிட்டே இருக்கு, இப்படி மாறுறதுதான் வெலை கூடுன சுருட்டுக்கும் சாதாரண சுருட்டுக்கும் உள்ள நெசமான வித்தியாசம், காட்டம் இல்ல. செடில உச்சில வெயில் வாங்குன இலை காட்டமானது, பைய எரியும், அத நடுவுல வெப்பாங்க, நடு இலை வாசத்துக்கு, அடி இலை நெருப்பு நிக்கிறதுக்கு, இத எந்த அளவுல கலக்குறதுங்கிறதுதான் தொழிலே. சித்தப்பா இந்த எடத்துல ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல, அப்பறமா, "இலைய அடுக்குனவனுக்கு கை தெரிஞ்சிருக்கு தம்பி"ன்னாரு, நான் எழுதுன இந்த பாரா பூராவும் அவரு அந்த ஒத்த வாக்கியத்துல சொல்லிட்டாரு.

அவரு இன்னொண்ணும் சொன்னாரு, கடலோரத்து இலை இப்படி எரியாது, நின்னு நின்னு அணையும்னு. அது சரிதான். மண்ணுலயும் தண்ணிலயும் குளோரைடு ஜாஸ்தியா இருந்தா அந்த இலைல நெருப்பு நிக்காது, வேதாரண்யம் புகையிலை பெரும்பாலும் வாயில போட்டு மெல்லத்தான் போகுது. நிகரகுவாவுல எரிமலை மண்ணு, எஸ்தெலி, ஹலாபா, கொண்டேகான்னு கடல விட்டு உள்ள தள்ளி இருக்குற பகுதிங்க. எனக்குள்ளது ஒரு தடவ கூட அணையல, திருப்பி பத்த வைக்கிற வேலையே வரல, ஒரு எடத்துல மட்டும் ஒரு ஓரம் பின்தங்குச்சு, தொடாம விட்டதும் தானா சரியாச்சு.

கடைசி மூணுல ஒரு பங்கு காட்டம் ஏறுது. கோகோ பின்னாடி போயி டிகாஷன் கசப்பு வருது, தொண்டையோட பின்பக்கம் முண்டு மிளகாய எண்ணெயில வறுத்தா வர்ற சூடு, எரிச்சல் இல்ல, சூடுதான். எனக்கு இது பிடிச்சிருந்துச்சு, ஆனா லேசான சுருட்டு பழகுனவங்களுக்கு இந்த எடம் அதிகமா தெரியலாம், அவங்க மூணாம் பங்கு ஆரம்பத்துலயே வெச்சிரலாம். நிமிஷத்துக்கு ஒரு இழுப்புக்கு மேல வேண்டாம், அவசரப்பட்டா சூடாகி கசந்துரும். விரலுக்கு சூடு தெரிஞ்சதும் கீழ வைங்க, நசுக்காதீங்க, நசுக்குனா நாத்தம் எடுக்கும், சும்மா வெச்சா தானா அணைஞ்சுரும். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் கிட்ட ஓடுச்சு. சித்தப்பாவுக்கு அத விட ஜாஸ்தி ஓடுச்சு, அவரு கடல்ல பழகுன ஆளு, வலை எடுக்கிற வரைக்கும் ஒரே சுருட்ட வெச்சு ஓட்டுறவரு.

கூட என்ன குடிக்கலாம்னு கேட்டா கருப்பட்டி காப்பி, வேற யோசனையே வேண்டாம், சுக்கு போடாம வெறும் காப்பியா போடுங்க, சுக்கு அந்த மிளகு ருசிய அமுக்கிருது. பதநீர் வெச்சும் பாத்தேன், இனிப்பு ஜாஸ்தி, சுருட்டு மட்டையா தெரிஞ்சுச்சு. பால் டீ பரவால்ல. நடுவுல தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க.

வெலை விஷயத்துக்கு வருவோம். துபாய்ல குடுத்த காச நம்ம ரூபாய்ல கணக்கு போட்டா ஒண்ணு ரெண்டாயிரத்துக்கு கொஞ்சம் கொறச்சலா வந்துச்சு. நம்ம பக்கத்துல ஒரு வீட்டுக்கு ரெண்டு மூணு நாள் செலவு அது, அத மறச்சு எழுத நான் விரும்பல. எப்பயாச்சும் ஒண்ணுன்னா கட்டாயம் தகும், வாராவாரம்னா தகாது. இங்க ஒரு பெரிய நகரத்துக் கடைல வெளிநாட்டு சுருட்ட லைட்டு போட்ட கண்ணாடி அலமாரில மீட்டர் கூட இல்லாம காய விட்டு வெச்சிருந்தத பாத்திருக்கேன், தொட்டுப் பாத்தப்ப நொறுங்குச்சு, அந்த மாதிரி எடத்துல எம்புட்டு நல்ல சுருட்டா இருந்தாலும் வாங்காதீங்க. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க 25 சுருட்டு வரைக்கும் வரி இல்லாம கொண்டு வரலாம்னு பேக்கேஜ் விதி இருக்கு, ஆனா பெட்டியா சொல்லாதீங்க, மொதல்ல ரெண்டே ரெண்டு கொண்டுவர சொல்லுங்க, ஜிப் கவர்ல ஒரு 65 பாக்கெட்டோட போட்டு கைப்பையில வெச்சு கொண்டுவர சொல்லுங்க.

திருச்சி சுருட்டு பிடிக்கிறவரு இத பிடிச்சுட்டு அத விட்ருவாரான்னா விட மாட்டாரு, சித்தப்பா மறுநாள் பழைய சுருட்டுக்கே போயிட்டாரு, அது அவருக்கு அன்றாடம், இது வேற. ஆனா நேச்சுரல் ராப்பர் எப்படி இருக்கும்னு என்கிட்ட அவரா கேட்டாரு. அதுல ஒண்ணு டப்பால இருக்கு, பங்குனி வரைக்கும் அத தொடப்போறதில்ல. லேசான காட்டம் வேணும்ங்கிறவங்க அதுல இருந்து ஆரம்பிக்கலாம், நேரா மதுரோவுக்கு வர்றவங்க வயிறு நெறைய சாப்பிட்டுட்டு வந்து உக்காருங்க, எக்ஸ்க்ளூசிவோவ விட பெரிய சைஸ் மொத தடவைக்கு வேண்டாம்.